பிழைகள் இல்லாத மொழி

கிளாக்ஸ்விக் துறைமுகம். மீன் கிடங்கின் மாடியில்
காபி இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே
ஒரு லினக்ஸ் கணினி.
மூன்று உறைகிடங்குகளின் குளிரை
நிமிடத்துக்கொரு முறை எழுதிவைக்கும்.
எழுதுவதெல்லாம் எண்.
ஏதாவது கெட்டால்தான் வாய் திறக்கும்.

எந்த மொழியில் திறக்கும் என்பது
கடைசியாக அதை எழுப்பியவரைப் பொறுத்தது.

ஆல்போரிலிருந்து யெப்பே உள்நுழைந்தால்
அவன் மடிக்கணினியின் டேனிஷும் கூடவே நுழையும்,
கோட்டில் ஒட்டிய மழை மாதிரி.
வித்தோல்த் இரவுப் பணியில் மறுதொடக்கம் செய்தால்
அதன் பிறகு எல்லாம் போலிஷ்.
யாரும் தொடாத வாரங்களில் ஆங்கிலம்.
பதிவுக் கோப்பைத் திறந்தால்
ஒரே படகில் மூன்று ஊர்க்காரர்கள்,
ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல்.

நான் ரன்வா. இந்தத் தீவுக்காரி.
வேலைக்கு வந்த முதல் வாரமே
என் மொழியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன்.
கிழமை சொன்னது. மாதம் சொன்னது.
எங்கள் கடைசி எழுத்தைச் சரியாகக் கடைசியில் வைத்தது.
பிழை என்று வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டது.
யாரும் இன்னும் மொழிபெயர்க்கவில்லை.
ஒரு பெரிய விளையாட்டரங்கில் உட்கார வைத்துவிடலாம்,
எங்கள் மொழி பேசும் அத்தனை பேரையும்.
அதில் நாட்கள் உண்டு, பிழைகள் இல்லை.
என் கணவனிடம் சொன்னேன்.
"கொடுத்துவைத்த மொழி" என்றான், தட்டு கழுவியபடி.

நவம்பரில் ஒரு வெள்ளி இரவு வட்டு நிரம்பியது.
கணினி கத்தியது. முறையாகத்தான் கத்தியது.
இடமில்லை, கருவியில் இடமில்லை,
திங்கள்வரை நாலாயிரம் முறை, போலிஷில்.
என் காவல் நிரல் பக்கத்திலேயே விழித்திருந்தது.
அதற்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஓர் ஆங்கில வாக்கியம்.
அது வரவில்லை.
ஆகவே எல்லாம் நலம்.
கீழே மூன்றாம் கிடங்கின் குளிர்
எழுத ஆளில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

மேலடுக்குப் பெட்டிகளில் சால்மன் விரலுக்குக் குழிந்தது.
"சொல்லவில்லையா அது?" ஹோக்னி கேட்டார்.
சொன்னது.
"யாரிடம்?"

அன்று மாலை இரண்டு வரி எழுதினேன்.
முதல் வரி: செய்திகள் மட்டும் 'சி'.
தேதி, தசமக் காற்புள்ளி, தாளின் அளவு
எல்லாம் எங்களுடையபடியே இருக்கட்டும்.
சி என்றால் ஒற்றை எழுத்து, அவ்வளவுதான்.
பார்க்க ஆங்கிலம் போலிருக்கும்.
ஆனால் எந்த வீட்டிலும் அதில் யாரையும்
சாப்பிடக் கூப்பிட்டதில்லை.
இரண்டாம் வரி வாசலுக்கு:
வெளியூரிலிருந்து வருகிறவர்
மொழியை பூட்ஸோடு கழற்றிவிட்டு வரவும்.

யெப்பே தொலைபேசியில் முணுமுணுத்தான்.
வித்தோல்த் தோளைக் குலுக்கினான்:
"எதில் கத்தினால் என்ன, கேட்டால் சரி."

கேட்கிறது.
ஜனவரியில் ஒன்பதே நிமிடத்தில் என் போன் அடித்தது.

வசந்தத்தில் வித்தோல்த் கிதினியாவுக்குத் திரும்பிவிட்டான்.
காப்பீட்டுக்காரர்கள் பழைய பதிவுகள் கேட்டார்கள்.
தேடிக்கொண்டே போனபோது
முந்தைய ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மூன்று பன்னிரண்டு:
ஆங்கிலம் நின்று
போலிஷ் தொடங்குகிறது.

அந்த இரவு என் முறை.
புயலில் சுரங்கப்பாதை மூடிவிட்டார்கள், நான் வரவில்லை.
மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது.
தானாகவே சரியாகியிருக்கும் என்று நினைத்து
காபி போட்டுக் குடித்தேன்.
அவன் விடுதி துறைமுகத்தின் அந்தக் கரையில்.
நடந்துதான் வந்திருக்க வேண்டும்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை,
எந்த மொழியிலும்.

இப்போதெல்லாம் பதிவுக் கோப்பு
மேலிருந்து கீழ்வரை ஒரே குரல்.
யார் எழுந்து வந்தார், யார் தூங்கினார்
ஒன்றும் தெரியாது.

அந்தப் பழைய ஆண்டின் கோப்பு பெரியது.
கருவியில் இடமில்லை என்கிறது கணினி,
தெளிவாக, ஒரே மொழியில்.
புது வட்டு வேண்டுமென்று
ஹோக்னிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.